டிரைவர் வேஷம்

தெரு நாடகத்தில் அவர் லாரி டிரைவர், நான் அவருடைய மனைவி. கோவில்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் நடந்துவந்த சின்னத் தொண்டு நிறுவனம் போட்ட நாடகம் அது. தொண்ணூறுகளின் கடைசி. எய்ட்ஸைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு திட்டம் கிடைத்திருந்தது. நான் அப்போது வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். பருத்தி எடுக்கும்போது நான் பாடியதைக் கேட்டிருந்த நிறுவனத்து அக்கா ஒருவர் என் அப்பாவிடம் வந்து பேசினார். கடைசி பஸ்ஸுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அப்பா சம்மதித்தார். நாடகத்தில் நான் யாருக்கு என்னவாக வருகிறேன் என்பதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

டிரைவர் வேஷத்துக்குத்தான் ஆள் கிடைக்காமல் இருந்தது. கடைசியில் நோய் வந்து சாகிற வேஷம். முதலில் சரி என்ற பையன் ஒரே ஒத்திகையோடு நின்றுவிட்டான். அவன் அம்மா அழுதாளாம். அந்தச் சமயத்தில்தான் நிறுவனத்தை நடத்திவந்த சாருடைய பைக்குக்குப் பஞ்சர் ஒட்ட பைபாஸ் கடையிலிருந்து அவர் வந்தார். கையில் சொல்யூஷன் ட்யூபோடு ஒத்திகையைப் பார்த்துக்கொண்டு நின்றவர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். என்ன சிரிப்பு என்று சார் கேட்டதற்கு, லாரியிலிருந்து இறங்குகிறவன் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கிறவன் மாதிரியா நடப்பான் என்றார். சரி, நீதான் நடந்து காட்டேன் என்றார் சார். அன்றைக்கு நடந்தவர்தான். அப்புறம் அந்த வேஷத்துக்கு வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. அப்பா இல்லை, அம்மா மட்டும். பகலெல்லாம் அடுத்தவர் கடையில் டயர் கழற்றிவிட்டு, சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு நிறுவனத்து வேனில் வந்து ஏறுவார். எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பஸ் காசும், நாடகம் முடிந்ததும் ஒரு டீயும் பரோட்டாவும்தான். நாடகத்துக்குத் தப்பு மேளம் அடித்த அண்ணன் பகலில் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். தோள் வலிக்குது என்று சொல்லிக்கொண்டே அடிப்பார், ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. இடைசெவல் பக்கம், கழுகுமலை பக்கம், எட்டயபுரம் தாண்டி உள்ளே என்று பஸ் போகாத ஊருக்கெல்லாம் போனோம். கரிசல் மண் மழையில் குழைந்து வேன் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்ட நாட்களில் எல்லோரும் இறங்கித் தள்ளி, முழங்கால் வரை சேறோடு போய் ஆடியிருக்கிறோம்.

நாடகம் பயமுறுத்துகிற நாடகம். இன்றைக்கு நினைத்தால் அதுதான் முதலில் உறுத்துகிறது. தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போகிற டிரைவர் நோயோடு திரும்புவார், மெலிவார், இருமுவார், கடைசியில் மண்டையோட்டு முகமூடி போட்ட ஒருவர் வந்து அவரைச் சுற்றிச் சுற்றி ஆடி அடித்துக் கொல்வார். நான் தலைவிரி கோலமாக ஒப்பாரி வைப்பேன். பிள்ளைகள் அலறிக்கொண்டு அம்மாக்களின் மடியில் புகுந்துகொள்ளும். பிள்ளைகள் எவ்வளவு அலறுமோ அவ்வளவு நல்ல நாடகம் என்று நாங்கள் நினைத்தோம். அவர் அவ்வளவு நன்றாக நடித்தார். ஒரு ஊரில் நாடகம் முடிந்து டீ குடிக்கப் போனபோது கடைக்காரர் எங்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸில் கொடுத்துவிட்டு, அவருக்கு மட்டும் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சிரித்தார். நல்லா நடிச்சிருக்கேன்னு அர்த்தம் தங்கச்சி என்றார்.

எட்டயபுரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆடி முடித்து, அடிபம்பில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த ஊர் அக்கா ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கலாம். கூட்டம் கலைகிறவரை ஒரு வேப்பமரத்தின் கீழே நின்றிருந்திருக்கிறார். என்னைத் தாண்டி நேராக அவரிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி, நீங்க எந்த ஆஸ்பத்திரில பாக்குதீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. எனக்கும்தான். பிறகு அந்த அக்காவே சொன்னார். வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர், போன வருஷம் போய்விட்டார். தனக்கும் ரத்தம் பார்த்ததில் இருக்கிறதென்று சொல்லிவிட்டார்கள். மேற்கொண்டு எங்கே போவது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாது.

அவர் முகத்தில் தண்ணீர் வழிய நின்றார். எனக்கு இல்லக்கா, அது நாடகம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்கூட வாயைத் திறந்தேன். அவர் எனக்கு முன்னால், "என்னைக்குப் போகணும்க்கா?" என்று கேட்டார்.

திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். ஆம்பளையோடு தனியாகப் போனால் ஊர் பேசும் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பஸ் கயத்தாறைத் தாண்டியதும் அவர் முன் சீட்டில் இருந்து திரும்பி, அந்த அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். தனக்கு நோய் இல்லை, அன்றைக்கு அவர் கேட்ட நிமிஷத்தில் அதைச் சொல்ல மனசு வரவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார்.

"அப்ப எதுக்குத் தம்பி வாரீங்க?"

"நீங்க கூப்பிட்டீங்கல்லாக்கா" என்றார் அவர்.

திரும்பி வரும்போது அந்த அக்கா என்னிடம் ஒன்று கேட்டார். நாடகத்துல கடைசில அடிச்சுக் கொல்லுதாங்களே, அப்படித்தான் வருமா என்று. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ மழுப்பியிருப்பேன். ஆனால் முன் சீட்டிலிருந்த அவர் காதில் அது விழுந்திருந்தது. அடுத்த ஊரில் ஆடும்போது முகமூடிக்காரர் வந்து அடிக்க, விழுந்து கிடந்த அவர் அப்படியே செத்துப்போகவில்லை. எழுந்து உட்கார்ந்தார். முகமூடிக்காரர் முகத்திலிருந்து முகமூடியை ஒரு கையால் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து, இது வந்தவங்க உங்க பக்கத்துல உக்காரலாம், கூடச் சாப்பிடலாம், ஒண்ணும் ஆகாது என்று பேச ஆரம்பித்தார். ஒப்பாரிக்குத் தயாராக நின்ற நான் என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். தப்பு அடிக்கிற அண்ணன் கொஞ்சம் யோசித்து மெதுவாக ஒரு தாளம் போட்டார். சார் வேனில் கோபித்தார், மேலிடத்தில் இருந்து வந்த கதையை நாம் மாற்றக் கூடாது என்றார். ஆனாலும் அதற்குப் பிறகு அவர் ஒரு ஊரிலும் சாகவில்லை.

மாதம் ஒரு முறை திருநெல்வேலிக்குப் போவது வழக்கமாகிவிட்டது. அந்த அக்கா மூலமாக இன்னொருத்தர், அவர் மூலமாக இன்னும் இரண்டு பேர் என்று சேர்ந்தார்கள். விளாத்திகுளம் பக்கத்துப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கைப்பிள்ளையோடு வந்தார்கள். அந்த நாளில் இந்த நோய்க்கென்று மாத்திரை எங்கள் பக்கத்தில் வரவில்லை. இருமலுக்கும் காய்ச்சலுக்கும் வாய்ப்புண்ணுக்கும்தான் மருந்து. ஆனாலும் எந்த வரிசையில் நிற்க வேண்டும், யாரிடம் சீட்டு வாங்க வேண்டும் என்று கூட்டிப்போக ஒரு ஆள் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். அவர் அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார். கடை முதலாளி முணுமுணுத்தார். அவர் அடுத்த நாள் சேர்த்து வேலை பார்த்துக் கொடுத்தார். இதற்கு நிறுவனத்தில் எந்தத் திட்டமும் இல்லை. சாருக்குத் தெரியும், நல்லதுதான் என்பார், அதோடு சரி.

ஊர் சும்மா இருக்குமா. மாதாமாதம் ஒல்லி ஒல்லியான ஆட்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள், நாடகத்தில் நோயாளியாக வருகிற ஆள். கண்டக்டர்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். என்னையும் எங்கள் ஊர்ப் பையன்கள் எய்ட்ஸ்காரன் பெண்டாட்டி என்றார்கள். என் அப்பா காதுக்கு அது போன அன்று நாடகத்துக்கு இனிமேல் போகக் கூடாதென்று ஒரு சண்டை நடந்தது. நிறுவனத்து அக்கா வந்து சமாதானப்படுத்திய பிறகே விட்டார்.

அந்த வருஷம் அவருக்குக் கல்யாணம் முடிவானது. கழுகுமலை பக்கத்துப் பெண். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். பூ வைத்துவிட்டு வந்த மறுநாள் வேனில் எங்களுக்கு லட்டு கொடுத்தார். பிள்ளை எப்படி என்று தப்பு அடிக்கிற அண்ணன் கேட்டதற்கு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நானும் அப்படித்தான் இருந்தேன், ரெண்டு பேரும் தரையைத்தான் பாத்தோம் என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் வந்தது பாராட்டு விழா. நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள், நம் தொண்டர்களை எல்லாம் மேடையேற்றிக் கௌரவிக்க வேண்டும் என்று சார் ஆசைப்பட்டார். நல்ல ஆசைதான். கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, வாழைமரம் கட்டி, சீரியல் செட் போட்டு அமர்க்களப்படுத்தினார்கள். கண் சிகிச்சை முகாமுக்கு ஆள் கூட்டி வந்த டெய்லர், இரவுப் பள்ளி நடத்திய பெண்கள், ஊருணியில் கருவேல மரம் வெட்டிய சங்கத்துப் பெண்கள் என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் துண்டு போர்த்தினார்கள். எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டு ஒன்று. கூட்டிப் பெருக்குகிற நேரத்தையும் களை எடுக்கிற நேரத்தையும் விட்டுக்கொடுத்து ஊருக்கு உழைத்த அத்தனை பேரும் புதுச்சேலையில், புதுச்சட்டையில் கூச்சத்தோடு மேடையேறியது பார்க்க நன்றாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

அவர் முறை வந்தபோது, தொகுத்து வழங்க வந்திருந்தவர் உணர்ச்சிவசப்பட்டார். எய்ட்ஸ் நோயாளியாகவே வாழ்கிறவர் என்று அறிவித்தார். நடிப்பைத்தான் சொன்னார். மண்டபம் கை தட்டியது. அவர் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து தட்டினாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதைப் பற்றி மேடையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பத்திரிகையில் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் அவர் துண்டோடு நிற்கிற படம் வந்தது. கீழே, எய்ட்ஸ் நோயாளிக்குப் பாராட்டு என்று போட்டிருந்தது.

சார் பத்திரிகைக்கு ஆள் அனுப்பினார். அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள், திருத்தமும் போட்டார்கள், சின்னதாக. திருத்தத்தை யார் படிக்கிறார்கள்.

பெண்ணின் அப்பா பஞ்சர் கடைக்கே வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. சத்தம் போடவில்லை. ரத்தம் பார்த்துக் காட்டுங்கள், எனக்கு அது போதும் என்றார். அவர் உடனே சம்மதித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கழுகுமலைக்குப் போனபோது சாரும் நானும் கூடப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, இன்னொன்று கேட்டார்.

"சரிங்க மாப்ள. இன்னைக்கு இல்ல, சந்தோஷம். ஆனா நீங்க அவியளோட போறது வாரது நிக்கணும்லா? அதை நிறுத்திருதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முகூர்த்தத்த வச்சிருவோம்."

யோசிச்சுச் சொல்லுதேன் மாமா என்றார் அவர். பஸ்ஸில் வரும்போது சார் சொன்னார், இப்போதைக்குச் சரியென்று சொல்லு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அவர் கேட்டுக்கொண்டார். அவர் அம்மாவும் அதையேதான் சொல்லி அழுதாள். ஆனாலும் அவர் அந்த மாதமும் ஆஸ்பத்திரி நாளில் பஸ் ஸ்டாண்டில் நின்றார்.

கல்யாணப் பேச்சைப் பற்றிக் கூட வருகிறவர்களிடம் அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் விஷயம் அந்த எட்டயபுரத்து அக்காவுக்கு எப்படியோ எட்டிவிட்டது. ஒரு நாள் காலையில் எங்கள் ஊருக்கே என்னைத் தேடி வந்தார். கழுகுமலைக்குக் கூட்டிட்டுப் போ என்றார். எதுக்குக்கா என்றதற்கு, பேசணும் என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நீ வராட்டா நான் கேட்டுக் கேட்டுப் போயிருவேன் என்றார். அதனால் போனேன்.

பெண் வீட்டில் அப்பா இல்லை. அம்மாதான் வாசலுக்கு வந்தார். யாரு நீங்க என்றார். அந்த அக்கா ஒளிக்கவில்லை.

"அந்தத் தம்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது என்னையத்தான். எனக்குத்தான் இருக்கு, தம்பிக்கு ஒண்ணும் இல்ல. இனிமே நான் கூப்பிட மாட்டேன். எங்கள்ல யாரும் கூப்பிட மாட்டோம். பிள்ளையக் குடுங்க தாயி."

கையைக் கூப்பிக்கொண்டுதான் சொன்னார். பெண்ணின் அம்மா ஒரு அடி பின்னால் வைத்தார். வேண்டுமென்று செய்ததல்ல, கால் தானாகப் போனது. வெயிலில் நடந்து வந்திருக்கிறார்களே என்று உள்ளேயிருந்து அந்தப் பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தது. அம்மா அதன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். செம்பு சாய்ந்து தண்ணீர் படியில் வழிந்தது. நானும் அந்த அக்காவும் திரும்பி பஸ்ஸுக்கு நடந்தோம். தப்பாப் பேசிட்டேனோ என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அன்றைக்குப் போனது. வீடு தேடி அவிய வாராங்க என்றால் கல்யாணத்துக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று பெண் வீட்டார் பயந்துவிட்டார்கள். வாங்கிய பூவையும் பழத்தையும் திருப்பி அனுப்புவது போலச் சொந்தக்காரர் ஒருவர் வந்து இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண்ணை வேறு இடத்தில் சிவகாசிப் பக்கம் கொடுத்தார்கள். வாசலில் அந்த அக்கா சொன்ன வார்த்தை எட்டயபுரம் வரை போனது. கொழுந்தனார் அந்த அக்காவின் சாமான்களை எடுத்து வெளியே வைத்தார். களை எடுக்க யாரும் கூப்பிடவில்லை. கோவில்பட்டியில் ஒரு ஒற்றை அறைக்குக் குடிவந்தார். அறை பிடித்துக் கொடுத்ததும் சட்டி பானையைத் தூக்கி வந்து வைத்ததும் அவரும் தப்பு அடிக்கிற அண்ணனும்தான்.

என் தவறா, உன் தவறா என்று அவரும் அந்த அக்காவும் பேசிக்கொண்டதில்லை. ஒருவருக்கொருவர் நல்லது செய்யப் போய் இப்படி ஆனது என்பது இருவருக்கும் தெரியும். அவருடைய அம்மாவுக்கு மட்டும் அந்த அக்காவை மன்னிக்க முடியவில்லை. கடைசிவரை தன் வீட்டுப் படியேற விடவில்லை.

திட்டம் முடிந்ததும் நிறுவனம் கோவில்பட்டி வீட்டைக் காலி செய்தது. சார் வேறு மாவட்டத்துக்குப் போனார். போகும்போது அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். நாடகம் நின்றது. நான் கல்யாணமாகி மதுரைக்குப் போனேன். அவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தவில்லை. மாத்திரையை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கும்வரை, அதற்குப் பிறகும். விளாத்திகுளத்துக் கைப்பிள்ளை மாத்திரைக்கு முன்பே போய்விட்டது. எட்டயபுரத்து அக்காவுக்கு மாத்திரை கிடைத்தது, உடம்பு தேறினார். பிறகு அந்த ஆஸ்பத்திரியிலேயே புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்லித் தருகிற வேலை ஒன்று கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

அவருடைய அம்மா இறந்ததற்குத் துக்கம் கேட்கப் போனபோது அவரைப் பல வருஷம் கழித்துப் பார்த்தேன். தனியாகத்தான் இருந்தார். சொந்தமாகக் கடை போட்டிருந்தார். நாலு வழிச்சாலை வந்ததில் பழைய இடம் போய், சர்வீஸ் ரோட்டின் ஓரத்தில் தகரக் கொட்டகை. எனக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு டயர் மேல் உட்கார்ந்துகொண்டார். முடி நரைத்திருந்தது. அம்மாவைப் பற்றிப் பேசினோம், தப்பு அடித்த அண்ணனின் தோள் வலியைப் பற்றிப் பேசினோம். பேச்சு எப்படியோ அந்த விழாவுக்கு வந்தது.

அந்த மண்டபத்துக்கு மட்டும் போகாம இருந்திருக்கலாம் தங்கச்சி என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேறு எதற்கும் வருத்தமே இல்லையாண்ணே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

கையிலிருந்த டயர் கழற்றும் லீவரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு இருக்கு. பேச்சு முறிஞ்ச பெறவு அந்தப் பிள்ளை ஆள் விட்டுச்சு. கழுகுமலை பஸ் ஸ்டாப்புல நிக்கேன், ஒரு வார்த்தை பேசணும், வரச் சொல்லுங்கன்னு."

"போகலியா?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரி நாளு. எல்லாரும் வந்து நிக்காங்க. அந்தக் கைப்பிள்ளைக்கு வேற காய்ச்சல். சாயங்காலம் போயிக்கிடலாம்னு நெனச்சேன்."

சாயங்காலம் போனாரா என்று நான் கேட்கவில்லை. தூத்துக்குடி லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி, இடுப்பில் கை வைத்து முதுகை நிமிர்த்தி, பின் சக்கரத்தைக் காட்டினார். அவர் எழுந்து ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனார். வேலை முடிய நேரம் ஆகும் போலிருந்தது. நான் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, போயிட்டு வாரேண்ணே என்று குரல் கொடுத்தேன். லாரிக்கு அடியிலிருந்து, பாத்துப் போம்மா என்றார்.